ஆவணி அமாவாசையில் இறந்தவர்கள்

எங்கள் தெருவில் ஒரு வீடு உண்டு. அந்த வீட்டு விசேஷங்களுக்கு எல்லோரும் போவார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் போவார்கள். சந்தனம் எடுத்துக்கொள்வார்கள், குங்குமம் இட்டுக்கொள்வார்கள், வெற்றிலைப் பாக்குப் பையைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். சாப்பிடச் சொன்னால் மட்டும், "இப்பத்தான் சாப்ட்டுட்டு வரேன்" என்று படியிறங்கிவிடுவார்கள். விடிந்ததும் விடியாததுமாகக் கூப்பிட்டாலும் இதே பதில்தான். ஸ்ரீரங்கத்தில் ஒரு தெரு முழுக்க அவ்வளவு சீக்கிரம் சாப்பிட்டு முடிக்கிறது என்றால் அதைப் போய்ப் பார்க்கவே பஸ் விடலாம். ஆனால் யாரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியதில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். நூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், ஓர் ஆவணி மாதத்தில் தெருவில் ஒரு நோய் வந்தது. காய்ச்சல் என்பார்கள் சிலர், பேதி என்பார்கள் சிலர், இரண்டும்தான் என்பார்கள் மற்றவர்கள். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடந்ததாம். பந்தி பந்தியாக இலை போட்டார்களாம். சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிப் படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லையாம். அந்த வீட்டில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெருவுக்கு அதுதான் பெரிய சாட்சி. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டுவிட்டுப் பெரியவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் என் தோழி. திருச்சியில் பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சு. அவள் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கே வருகிறாள் என்று தெரிந்தபோது நான் குதித்தேன். அம்மா மட்டும், "பாவம், நன்னா தளிகை பண்ணுவாளாமே" என்று அவள் சமையலைப் பற்றிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தப் பாவம் எதற்கு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அவள் வைக்கும் சாத்தமுது, அதாவது ரசம், கொதி வரும்போது நாலு வீடு தள்ளி வாசனை அடிக்கும். அந்த நாலு வீட்டிலும் மூக்கு வேலை செய்யும், வாய் செய்யாது. வந்த புதிதில் அவள் ஆசையாகப் பாத்திரத்தில் எதையாவது கொண்டுபோய்க் கொடுப்பாள். பாத்திரம் கழுவித் துடைத்துத் திரும்பி வரும். உள்ளே இருந்தது பசுமாட்டுக்குப் போயிருக்கும். சில மாதங்களில் அவளுக்கே தெரிந்துவிட்டது, கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

நான் அங்கே சாப்பிடுவேன். பெருந்தன்மையால் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் கூடவே பசியும் வரும், எங்கள் தெருவை நினைத்தால் அடிக்கடி கோபம் வரும். அங்கே சாப்பிட்டு வந்த நாட்களில் அம்மா என்னை ஒரு பார்வை பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவளுக்குப் பயம்.

மருத்துவக் கல்லூரியில் நான் நடத்திய பாடமே இதுதான். ஓர் ஊரில் நோய் வந்தால் அது எங்கே பிறந்தது, எப்படி நடந்தது, யார் வீட்டுக் கதவை முதலில் தட்டியது என்று கண்டுபிடிப்பது. விருப்ப ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு, அம்மாவோடு பழைய வீட்டிலேயே தங்கிவிட்டேன். வேலை என்று ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் தூங்குவதும், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே மிதந்துகொண்டிருப்பதும்தான். வெயில் கூடத்து முற்றத்தில் இறங்கி ஏறும். கோபுரத்துக் கிளிகள் எங்கேயோ கத்தும். அந்த நேரத்தில் எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

போன மார்கழியில் ஒருநாள், அப்படி மிதந்துகொண்டிருந்தபோது தோழி வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வருகிற ஆனியில் அவள் கணவருக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணத்தை வீட்டிலேயே செய்யப் போகிறார்களாம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்களாம். இதையெல்லாம் சொல்லிவிட்டு என் போர்வை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டி. ஒரே ஒரு தடவை இந்தத் தெரு எங்காத்துல ஒக்காந்து சாப்பிடணும். அது என்ன வியாதி, எங்கேர்ந்து வந்துதுன்னு நீ கண்டுபிடி. எங்காத்துச் சாதத்தால இல்லேன்னு நீ சொன்னா நம்புவா."

உன் வீட்டுச் சாதத்தால்தான் என்று தெரியவந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். தெரிந்துதான் போகட்டுமே, இத்தனை வருஷம் தெரியாமல் பட்டதைவிட அது மேல் என்றாள். சொல்லும்போது சிரித்தாள், ஆனால் என் போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நூறு வருஷத்துக்கு முந்தைய நோயை எங்கே போய்த் தேடுவது? அந்தக் காலத்தில் நாடி பார்த்தவர் யாரும் இல்லை, எழுதி வைத்தவரும் இல்லை. ஆனால் எங்கள் தெருவிடம் ஒன்று இருந்தது. ஒருவர் இறந்த மாதமும் திதியும், அதாவது வளர்பிறையா தேய்பிறையா, அதில் எத்தனையாவது நாள் என்பது, எங்கள் வீடுகளில் மறக்காது. வருஷா வருஷம் அதே நாளில் பிள்ளை திவசம் செய்ய வேண்டும். செய்வது ஆண்கள், ஞாபகம் வைத்துக்கொள்வது அடுக்களை. எண்பது தாண்டிய மாமிகள் இந்தத் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் புது மருமகளாக வந்தபோது அவர்களுடைய மாமனார்கள் தங்கள் தாய் தகப்பனுக்குச் செய்த திவசங்களுக்குத் தளிகை பண்ணியவர்கள். அந்தத் தாய் தகப்பன்கள்தான் அந்த நோயில் போனவர்கள். யார் எந்தத் திதியில் போனார் என்று வீடு வீடாகக் கேட்டு வரிசைப்படுத்தினால் நோய் நடந்த பாதை தெரிந்துவிடும். இது தோன்றியபோது எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. இப்போதெல்லாம் அது எனக்கு அடிக்கடி வருவதில்லை.

தை, மாசி முழுக்க மத்தியானங்களில் தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமி சாய்வு நாற்காலியில், மின்விசிறிக்கு அடியில், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாள். நேரடியாகத் தேதி கேட்டால் வராது. சமையலைக் கேட்டால் வரும். அன்றைக்கு விறகு ஈரமாக இருந்து கண் எரிந்ததா, கொல்லையில் பிரண்டை துளிர்த்திருந்ததா, பாகற்காய்க்கு அலைந்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போனால், கண்ணைத் திறக்காமலே, "ஆடி, தேய்பிறை சப்தமி. மாமியாரோட மாமியாருக்கு" என்பார்கள். ஒரு மாமி பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள். தூக்கத்திலேயே திதியைச் சொன்னாள். எழுந்த பிறகு கேட்டபோதும் அதே திதிதான்.

அந்த நாட்கள் எனக்குப் பிடித்திருந்தன. நூறு வருஷத்துக்கு முன் செத்துப்போனவர்கள் எல்லாம், பாயசத்தில் வெல்லம் கூடினால் கோபிக்கிறவர்களாகவும் வாழைக்காய் பிடிக்காதவர்களாகவும் என்னைச் சுற்றி நடமாடினார்கள். வெயில் தாழ்ந்து தெருவில் இறங்கும்போது எதிரே வருகிறவர் உயிரோடு இருப்பவர்தானா என்று ஒரு கணம் உற்றுப் பார்ப்பேன். பெரும்பாலும் கூரியர் கொண்டுவருகிறவராக இருப்பார்.

பங்குனியில் எல்லாவற்றையும் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்தேன். ஆள் மாறி ஆள் தொற்றிப் பரவும் நோய் என்றால் கோடு மேடும் பள்ளமுமாக இழுத்துக்கொண்டே போகும். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே பந்திச் சாப்பாடு என்று ஒரே இடத்திலிருந்து எல்லோருக்கும் போனது என்றால் செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். மாணவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்திருக்கிறது. என் கோட்டில் ஆடியிலும் புரட்டாசியிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தது. ஆவணி அமாவாசையில் மட்டும் கோபுரம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றது. தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அந்த ஒரே நாள். எங்கள் வீட்டிலும் அதுதான். என் தாத்தாவின் அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஆவணி அமாவாசை.

"ஒரே நாள்ல ரெண்டு பேரும்னா அது வெஷமா இல்லாம வேற என்னடி?" என்றாள் அம்மா, புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை என்கிற மாதிரி. அவள் கேட்டதைத்தான் என் கோபுரமும் சொல்லிற்று.

தோழியிடம் வீட்டில் வைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சித்திரையில் ஒரு காலை அவளை முக்கொம்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. காவிரியும் கொள்ளிடமும் பிரிகிற இடத்தில், பிரிவதற்குத் தண்ணீர் இல்லாமல், இரண்டும் ஒரே வெள்ளையாகக் கண் கூசியது. யாரோ குடும்பமாக வந்து மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் காலண்டர் தாளை விரித்துக் காட்டினேன். அவளுக்குக் கோடு புரியவில்லை, என் முகம் புரிந்துவிட்டது.

"அப்போ நெஜமாவே எங்காத்துலேர்ந்துதானா?"

இருக்கலாம் என்றேன். நான் பாடம் நடத்தும்போதும் இப்படித்தான், உறுதியாகத் தெரிந்தால்கூட இருக்கலாம் என்றுதான் சொல்வேன். அவள் அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் குடும்பத்துப் பெண் ஒரு கை புளியோதரையை அள்ளிப் பக்கத்திலிருந்த பூக்காரியின் இலையில் வைத்தாள். அந்தப் பூக்காரி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் தோழி ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். மறுவாரம் திருச்சியில் ஒரு மண்டபம் பார்த்து, சமையலுக்கு வெளியாட்களையும் பேசிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவள் கைபடாத சமையல். உண்மையைச் சொன்னோம் என்கிற திருப்தி எனக்கு ஒரு வேளைகூட வரவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. அம்மா பார்க்காத நேரமாகப் பார்த்து அழுதேன்.

வைகாசியில் பெரியப்பா வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெரியப்பாவின் மகன், என் அண்ணா, பல வருஷங்களுக்கு முன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வடக்கே போனவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. மன்னி, அதாவது அண்ணி, காத்துக்கொண்டே இருந்தாள். இந்த வருஷம் பெருமாள் சேவிக்க வந்த ஒருவர், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து வந்திருக்கிறார். அண்ணாவோடு அங்கே ஒரே அறையில் இருந்தவர். கொரோனா இரண்டாவது அலையில் அண்ணா ஆஸ்பத்திரியில் போய்விட்டான் என்று சொன்னாராம். எந்த நாள் என்று மன்னி கேட்டதற்கு, "மே மாசம்னு தெரியுங்க. நாள் எனக்கே தெரியாது. நானும் அப்ப நெனவில்லாம கெடந்தேன்" என்று சொல்லி அழுதிருக்கிறார். ஊர் திரும்பும் வழியில் சொல்லிவிட்டுப் போகவே இறங்கினாராம்.

நான் போனபோது மன்னியின் மகன் திவசம் செய்து முடித்திருந்தான். வீடெல்லாம் எள்ளும் நெய்யும் மணத்தது. மன்னி முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெகுநாள் தூக்கம் தீர்ந்து எழுந்தவள் போல முகம் லேசாக இருந்தது. இன்று என்ன திதி என்று அனிச்சையாகக் கேட்டேன். தையிலிருந்தே எனக்கு வாயில் அந்த ஒரு கேள்விதான்.

"அமாவாசை. நாள் தெரியலேன்னா அந்த மாசத்து அமாவாசைல பண்றதுதானே வழக்கம்? எல்லார் ஆத்துலயும் அப்படித்தான்."

நான் மன்னியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்து அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுதேன்தான். அண்ணாவுக்காகவும் அழுதேன். ஆனால் உள்ளே என் கோபுரம் சரிந்துகொண்டிருந்தது. அந்த வழக்கம் எனக்கும் எப்போதோ காதில் விழுந்திருக்க வேண்டும். மாமிகள் எல்லோருக்கும் தெரியும். என்று போனார் என்று நான் யாரையும் கேட்கவில்லை, எந்தத் திதியில் திவசம் என்றுதான் கேட்டேன். கேட்டதற்குச் சரியான பதில்தான் சொன்னார்கள். ஆவணி அமாவாசையில் அத்தனை பேர் இறக்கவில்லை. இறந்த நாளைச் சொல்ல ஓர் ஆள்கூட நினைவோடு இல்லாமல், அந்த மாதத்தில் எப்போதோ, ஒவ்வொருவராக இறந்தார்கள். படித்தவளின் கணக்கு அவர்களை எல்லாம் ஒரே நாளில் கொன்றுவிட்டது.

வீட்டுக்கு வந்து அமாவாசைக்காரர்களை நீக்கிவிட்டு மறுபடி வரைந்தேன். எஞ்சியவர்கள் ஆடியின் நடுவிலிருந்து புரட்டாசி வரை மேடும் பள்ளமுமாக நடந்து போனார்கள். முதலில் போனவர்கள், கல்யாணம் நடந்ததாகச் சொல்லப்படும் ஆவணிக்கு முன்பே, தெருவின் அந்தக் கோடியில் போயிருந்தார்கள். அப்படியென்றால் நோய் பந்தியிலிருந்து வரவில்லை. பந்திக்கு முன்பே வந்துவிட்டது.

ஆனால் பந்தி இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்களே. அன்று மத்தியானம் அதை நினைத்துக்கொண்டே படுத்தேன். கண் சொருகியது. எங்கள் தெரு, ஆனால் ஓட்டுக் கூரைகளோடு இருந்தது. காலை வேளை. எந்த வீட்டுக் கூரையிலும் புகை இல்லை. நான் தெருக்கோடியிலிருந்து நடந்து வருகிறேன், கதவுகள் திறந்தே கிடக்கின்றன, எந்த வாசலிலும் கோலம் இல்லை. ஒரே ஒரு கூரையிலிருந்து மட்டும் புகை எழுந்து, காற்று இல்லாததால் கலையாமல், அப்படியே மேலே போகிறது. அந்தப் புகையைப் பார்த்ததும் எனக்குக் கனவிலேயே பசித்தது. விழித்தபோது முற்றத்தில் வெயில் பாதி தூரம் போயிருந்தது. எழாமல் படுத்தபடியே யோசித்தேன்.

சாவு விழுந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. வெளியிலிருந்துதான் சாதம் வரும். தீட்டுக்காரர்கள் தங்களுக்கு வேண்டுமானால் பொங்கிக்கொள்ளலாம், அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லோரும் பங்காளிகள். ஒருவர் செத்தால் பத்து வீட்டுக்குத் தீட்டு. அப்படிச் சாவுமேல் சாவாக விழுந்தால், ஒரு கட்டத்தில் தெருவில் யாருமே யாருக்கும் ஒரு பிடி சாதம் கொடுக்க முடியாது. தோழியின் புகுந்த வீட்டார் மட்டும் உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். தெருவில் அவர்களுக்குப் பங்காளி கிடையாது. யார் செத்தாலும் அவர்களுக்குத் தீட்டில்லை. ஊருக்கெல்லாம் உலை வைக்கக்கூடிய ஒரே அடுப்பு அதுதான்.

முகம்கூடக் கழுவாமல் தோழி வீட்டுக்குப் போனேன். யாருடைய கல்யாணம் அது என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. அந்த ஆவணியில் உங்கள் வீட்டில் நடந்ததாகச் சொல்கிறார்களே, அது யாருடைய கல்யாணம் என்று மறுபடி கேட்டேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். மாமனாரின் தாத்தா, அவருடைய பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்தத் தலைமுறைல எங்காத்துல பொண்ணே கெடையாதேடி. எல்லாம் புள்ளைங்க."

பிள்ளை கல்யாணம் பெண் வீட்டில் நடக்கும். பிள்ளை வீட்டில் எதற்குப் பந்தி பந்தியாக இலை போடுவார்கள்? நூறு வருஷமாக ஒருவருக்கும் இது தோன்றவில்லை, எனக்கும்தான். அவர்கள் இலை போட்டது நோயில் கிடந்தவர்களுக்கும் சாவு வீட்டுக்காரர்களுக்கும். சாப்பிட்டவர்களில் பல பேர் செத்தார்கள், வாஸ்தவம். நோயாளிகளுக்குத்தானே போட்டார்கள். பிழைத்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது இரண்டே விஷயம்: அந்த வீட்டில் சாப்பிட்டோம், பிறகு வீட்டில் ஆள் இல்லை. போதாததற்கு அந்த வீடு வந்தேறி வீடு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே புண்ணியம் செய்த இடத்திலேயே பழி விழுந்தது.

இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது என்று அவளிடம் ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னேன். அது என்ன நோய் என்பதும் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அவர்கள் வீட்டில் ஏன் யாருக்கும் வரவில்லை என்பதும் தெரியாது. கிணறு தனியாக இருந்திருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். பந்தியால் வரவில்லை என்பது மட்டும் கிட்டத்தட்ட நிச்சயம். அவள் நான் சொன்னது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மண்டபத்துக்காரரைப் போனில் கூப்பிட்டு, மண்டபம் வேண்டாம் என்றாள்.

தெருவுக்கு யார் சொல்வது? ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, திறக்கவும் சாவி கிடையாது. நான் சொல்லிப் பார்த்தேன். மாமிகள் கேட்டார்கள், அப்படியா என்றார்கள், காபி கொடுத்தார்கள். உன் அம்மா என்ன சொல்கிறாள் என்று கடைசியில் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள். தெருவில் இப்போது மூத்தவள் அவள்தான். அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் உட்காருவார்கள். அவள் பை வாங்கிக்கொண்டு படியிறங்கினால் கதை முடிந்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அமாவாசை வழக்கத்தைச் சொன்னபோது, இதுகூடத் தெரியாமலா இத்தனை நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாய் என்று ஒரு தட்டுத் தட்டினாள். பந்தியைப் பற்றிச் சொன்னபோது, நன்றாகத்தான் கதை கட்டுகிறாய் என்று துணி மடிக்கத் தொடங்கினாள். எனக்குக் கோபம் வந்தது. தோழியின் முகம் நினைவுக்கு வந்ததும் கோபம் போய், வேறு ஒன்று தோன்றியது. தாத்தாவின் அப்பாவும் அம்மாவும் போன நாள் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் அப்போது நினைவோடு யாரும் இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம். தாத்தா அப்போது நடக்கப் பழகி முடித்த குழந்தை.

"அம்மா, அந்த மாசம் தாத்தாவுக்கு யார் சாதம் போட்டா?"

அம்மா மடித்துக்கொண்டிருந்த வேட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். தாத்தா அவளுக்கு மாமனார், ஆனால் மகளாக வைத்துக்கொண்டவர். அவர் கடைசிக் காலத்தில் அவள் கையால்தான் குடித்தார். அம்மா வேட்டியை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது தீக்குச்சி இரண்டு அணைந்துபோயின. நான் ஏற்றட்டுமா என்றேன், வேண்டாம் என்றாள்.

ஆனியில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டது. அறுபதுக்கு முந்தைய நாள் தோழியும் நானும் இலை வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனோம். எத்தனை இலை என்று கடைக்காரர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "விசேஷம்னா கூடவே வாங்கிக்குங்கம்மா, மிஞ்சினா என்ன, மாடு தின்னுட்டுப் போகுது" என்றார் அவர் வெள்ளந்தியாக. அவள் முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. தெரு முழுவதற்கும் கணக்குப் போட்டு வாங்கினாள். பாலத்தைக் கடக்கும்போது ஆட்டோவில் இலைக்கட்டை இரண்டு பேரும் சேர்த்துப் பிடித்துக்கொண்டோம். கீழே புதுத்தண்ணீர் மணல் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை எல்லோரும் வந்தார்கள். மாலை மாற்றியாயிற்று, தீர்த்தம் கொட்டியாயிற்று, சேவித்தாயிற்று. கூடத்தில் இலை போட்டார்கள். தோழி எல்லோரையும் சாப்பிடச் சொன்னாள். வழக்கமாக எந்தச் சிரிப்போடு சொல்வாளோ அதே சிரிப்பு, குரல்தான் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. யாரும் அசையவில்லை. யாரும் படியும் இறங்கவில்லை. பட்டுப்புடவைகள் எல்லாம் சுவர் ஓரமாக நின்று ஒரே ஆளைப் பார்த்தன. அம்மா கையில் வெற்றிலைப் பையோடு வாசல் பக்கம் நடந்தாள். வாசலருகே அவள் பையைச் சுவரில் சாய்த்து வைத்தாள், செம்பிலிருந்த தண்ணீரில் கால் கழுவினாள், திரும்பி வந்தாள். தரையில் உட்கார முடியாத முழங்காலை வைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து, முதல் இலையில் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பக்கத்து இலை ஒரு கணம்தான் காலியாக இருந்தது. பிறகு எந்த இலையும் காலியாக இல்லை.

அம்மா சாப்பிட்டாள். பருப்பு, கறியமுது, எல்லாம். தோழி சாத்தமுதுப் பாத்திரத்தோடு வந்து அவள் முன்னால் குனிந்தாள். அம்மா இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டாள். பந்தி முழுக்கக் கேட்கும்படி, யாரையும் பார்க்காமல், இலையைப் பார்த்தே சொன்னாள்.

"எங்க மாமனார் இந்தாத்துச் சாதம் சாப்ட்டு வளந்தவர்."

தோழி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அது என் யூகம்தான், ஆதாரம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய வாய். நான் எழுந்து போய், அவள் கீழே வைத்த பாத்திரத்தை எடுத்து, அடுத்த இலைக்கு ஊற்றினேன்.